மழையில் வாங்கிய கோப்பை

எங்கள் வீட்டு மரபீரோ மேலே ஒரு கோல்ஃப் பந்து ரொம்ப நாள் கிடந்தது. மாமா கொடைக்கானலில் இருந்து கேரட், உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை பில்லர் ராக்ஸ் போகிற ரோட்டோரம் கிடந்தது என்று எடுத்துவந்து கொடுத்தார். அம்மை போட்ட முகம் மாதிரி உடம்பெல்லாம் குழி. கிரிக்கெட் பந்துக்கு இது தேவலை என்று வைத்து ஆடினோம். முதல் அடியிலேயே எதிர்வீட்டு ஓடு இரண்டு போனது. அப்பா ஓட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பந்தைப் பீரோ மேலே தூக்கிப் போட்டார்.

திண்டுக்கல் சமவெளியில் வளர்ந்தவனுக்கு கோல்ஃபோடு அவ்வளவுதான் உறவு. டவுனுக்குள் மலைக்கோட்டை, பூட்டுப் பட்டறை, தோல் ஷாப்பு, நூல் மில். வேடசந்தூர் ரோட்டில் இறங்கினால் சீமைக்கருவேலமும் வற்றிய கிணறும். புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சி, வளர்த்து, வெட்டி, அதன்மேல் நின்று பந்து அடிப்பார்கள் என்று சொன்னால் எங்கள் அப்பத்தா சிரித்திருக்கும். ஆனால் மழை விட்ட காலையில் மேற்கே பார்த்தால் நீலமாய்த் தெரிகிறதே அந்த மலை, அதன்மேல் 1895லிருந்து ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறது. எங்கள் மாவட்டத்துக்குள்தான். வெயில் தாங்காமல் ஏறிப்போன வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று போட்டுக்கொண்டது. இன்று அந்தப் புல்லில் காட்டெருமைகளும் மேய்கின்றன. அவற்றிடம் யாரும் உறுப்பினர் அட்டை கேட்பதில்லை.

மாமா அந்த மைதானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். “பையைத் தூக்கிட்டு வர ஒரு ஆளு, போன பந்தைத் தேட ஒரு ஆளு. அடிக்கிறது மட்டும்தான்டா அவன் வேலை” என்பார். கோல்ஃபைப் பற்றி நான் படித்த பல புத்தகங்களைவிட அந்த ஒரு வரி எனக்கு உதவியிருக்கிறது. இந்த விளையாட்டின் வரலாற்றைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளின் பக்கத்திலிருந்து படிக்கலாமே என்று தோன்றியது அதனால்தான். அந்த ஆளுக்கு கேடி என்று பெயர். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு போலீஸ் ஸ்டேஷன் அர்த்தம் ஒன்று இருப்பதால் நான் பைதூக்கி என்றே எழுதிக்கொள்கிறேன்.

இந்தியாவில் பைதூக்கிகளுக்கு நல்ல வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் கல்கத்தாவில் 1829ல் தொடங்கியது. இந்தியன் ஓபன் போட்டி 1964ல்தான் வந்தது. முதல் கோப்பையை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு பில்லு சேத்தி என்ற இந்தியர் ஜெயித்தார், ஆனால் அவர் காசுக்கு ஆடாத அமெச்சூர். காசுக்கு ஆடும் இந்தியர் ஒருவர் அந்தக் கோப்பையைத் தொட 1991 ஆகிவிட்டது. தொட்டவர் அலி ஷேர், டெல்லி கிளப்பில் பை தூக்கியவர். 1993ல் மறுபடியும் ஜெயித்தார். 2009ல் பெங்களூரின் முனியப்பா, அவரும் பைதூக்கியாக இருந்தவர், கொரியாக்காரர் ஒருவரோடு சமநிலையில் முடித்து, கூடுதல் குழியில் ஜெயித்தார். 2016லும் 2017லும் ஜெயித்த சௌராசியா, கல்கத்தா கிளப்பில் புல்லைப் பராமரித்தவரின் மகன்.

இந்தக் கதைகளை நாம் சந்தோஷமாகச் சொல்வோம். அடிமட்டத்தில் இருந்து வந்தான், ஜெயித்தான், கைதட்டு. கதை கோப்பையோடு முடிந்துவிடும். கோப்பைக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குக் காட்டியவர் வேறொருவர். அவர் டர்பன்காரர். பெயர் சிவ்சங்கர் சிவ்கோலம். ஊர் கூப்பிட்டது பப்வா.

டர்பன் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி டுரூரோ என்ற கப்பல் சென்னையில் இருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. 1911 வரைக்கும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் போனார்கள், பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்கு. அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். தில்லையாடி வள்ளியம்மையின் பெற்றோர் போன நாடுதான் அது. பப்வாவின் பெயரைப் பார்த்தால் அவர் முன்னோர் கல்கத்தாவில் கப்பல் ஏறிய கூட்டம் என்று தெரிகிறது. தமிழர் இல்லை. ஆனால் டர்பனில் இருந்த வெள்ளைக்காரனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, எல்லாரும் கூலிதான்.

அவர் பிறந்தது 1928 டிசம்பரில், உம்கெனி ஆற்றை ஒட்டிய ரிவர்சைட் என்ற ஏழை இந்தியர்களின் குடியிருப்பில். பக்கத்திலேயே வெள்ளையர்களின் கோல்ஃப் மைதானங்கள். பையன் பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகவில்லை, எழுதப் படிக்கத் தெரியாமலேயே வளர்ந்தார். மரக்குச்சி ஒன்றை வெட்டி, அதை வைத்துப் பந்தடித்துப் பழகினார். பிறகு மைதானத்தில் பை தூக்கப் போனார்.

சொல்லித்தர ஆள் இல்லாததால் மட்டையை அவர் பிடித்த விதமே தனி. வலதுகைக்காரர்கள் மட்டை பிடிக்கும்போது இடது கை மேலே இருக்கும், வலது கை கீழே இருக்கும். கிரிக்கெட்டிலும் அப்படித்தான். பப்வா மாற்றிப் பிடித்தார். வலது மேலே, இடது கீழே. அப்படிப் பிடித்து ஒருவர் அடிப்பதைப் பார்த்தால் நமக்கே கை முறுக்கிக்கொள்ளும். கோல்ஃபில் பிடி என்பது வேதம் மாதிரி, முதல் பாடமே அதுதான். எனக்கென்னவோ இதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊரில் கிட்டிப்புள் ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிட்டிக்கோலை ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி பிடிப்பான். எவன் பிடித்தால் புள் தூரம் போகிறதோ அவன் பிடித்ததே பிடி.

பப்வா பை தூக்கிய ஆட்களில் கிரஹாம் வுல்ஃப் என்றொருவர். வேதியியல் படித்தவர். இன்று நம்மூர் ஃபேன்சி ஸ்டோரில்கூட விற்கிற ஓலே க்ரீம் இருக்கிறதே, அதை டர்பனில் உருவாக்கியவர் அவர்தான். பையனின் ஆட்டத்தைப் பார்த்து மிரண்டுபோன வுல்ஃப், 1959ல் தன் சொந்தச் சிறுவிமானத்தில் அவரை ஏற்றிக்கொண்டு ஐரோப்பா போனார். அந்த ஆண்டு பப்வா டச்சு ஓபனை ஜெயித்தார். 1960ல் மறுபடியும். 1964ல் மூன்றாம் முறை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அதே 1959ல் இன்னொரு தென்னாப்பிரிக்கர் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்தார். அவர் கேரி பிளேயர். வெள்ளையர். இவரை நாம் திரும்பச் சந்திப்போம்.

சொந்த நாட்டில் பப்வாவுக்கு என்ன நிலைமை? 1948ல் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. 1950ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம், எங்கே நுழையலாம் என்று கோடு போட்டது. ஐரோப்பாவில் கோப்பை ஜெயித்தவர், தான் பை தூக்கிய மைதானத்தில் போட்டியாளராக இறங்க அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. ஒருவழியாக விட்டார்கள். ஆடலாம், கிளப் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்பது ஏற்பாடு.

1963 ஜனவரியில் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன். கோல்ஃப் தெரியாதவர்களுக்காக: நாளுக்கு 18 குழியாக மொத்தம் 72 குழி, யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. வெள்ளை ஆட்டக்காரர்களோடு பப்வா ஆடினார். ஜெயித்தார். அந்த நாட்டில் ஒரு மாகாண ஓபனை வெள்ளையரல்லாத ஒருவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

பரிசு கொடுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் கட்டடத்துக்குள் ஒதுங்கினார்கள். ஜெயித்தவர் வெளியே நின்றார். கோப்பையை வெளியே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். ஜன்னல் வழியாக நீட்டினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இதைப் பற்றி நேட்டாலில் நீதிபதியாக இருந்த கிறிஸ்டோபர் நிக்கல்சன் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஜன்னலா, வாசலா என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. என்னை உறுத்துவது வேறு. டர்பனில் அந்த மாதிரி கிளப்புகளுக்கு உள்ளே தட்டு ஏந்திப் பரிமாறியவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள்தான். ஆக, இந்தியர் உள்ளே போகக்கூடாது என்பதில்லை. தட்டோடு போகலாம், கோப்பையோடு போகக்கூடாது.

அந்தப் படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவோடு விளையாடாதே என்று கிளம்பியிருந்த இயக்கத்துக்கு அது ஆயிரம் பக்கத் துண்டறிக்கைக்குச் சமம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாட்டைச் சேர்க்கவில்லை. பப்வா மேடை ஏறிப் பேசுகிற ஆள் இல்லை. அரசியல் அவரைத் தேடி வந்தது. அதே 1963ல் தென்னாப்பிரிக்க ஓபனில் இரண்டாம் இடம், பிரிட்டிஷ் ஓபனில் முதல் இருபது பேருக்குள் ஓர் இடம். அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்.

1965ல் நேட்டால் ஓபனை மறுபடி ஜெயித்தார். இந்தத் தடவை தோற்றவர்களில் கேரி பிளேயரும் இருந்தார். அந்த ஆண்டு பிளேயர் யாரென்றால், ஜூன் மாதம் அமெரிக்க ஓபனையும் ஜெயித்து, கோல்ஃபின் நான்கு பெரிய கோப்பைகளையும் கைக்குள் கொண்டுவந்தவர். உலகத்தில் அப்போது அவருக்கு மேலே ஆடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவரை, கையை மாற்றிப் பிடிக்கிற ஒரு முன்னாள் பைதூக்கி, எழுதப் படிக்கத் தெரியாதவர், சொந்த ஊரில் வைத்துத் தோற்கடித்தார்.

அதற்கப்புறம்தான் கதவு மூடியது. விளையாட்டு மைதானங்களில் இனங்கள் கலப்பதற்கு எதிராக 1965ல் அரசாணை வந்தது. பப்வாவை உள்நாட்டுப் போட்டிகளில் ஆடவிடாமல் தடுத்தார்கள். பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள், வெளிநாட்டுக்கும் போக வழியில்லை. முப்பத்தாறு, முப்பத்தேழு வயது. கோல்ஃப்காரனுக்கு அது நடு வயதுகூட இல்லை.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அவர் தோற்றுக்கொண்டிருந்த வரைக்கும் அனுமதி கிடைத்தது. ‘பாருங்கள், நாங்கள் இந்தியனையும் ஆடவிடுகிறோம்’ என்று சொல்லிக்கொள்ளவும் அது வசதி. ஒருமுறை ஜெயித்தபோது மழையில் நிறுத்தினார்கள். இரண்டாம் முறை ஜெயித்தபோது ஆட்டத்தில் இருந்தே எடுத்தார்கள். சட்டம் முன்னால் இருந்தது, இவர் மீறினார் என்றில்லை. இவர் ஜெயித்தார், சட்டம் இறுகியது.

இதை நான் டர்பனைப் பற்றி மட்டும் எழுதினால் பொய் சொன்னவன் ஆவேன்.

1997, தை மாதம். எங்கள் ஊர் மந்தையில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி. எட்டு டீம். பரிசு ஒரு சுழற்கோப்பை. வருஷா வருஷம் ஜெயிக்கிற டீமின் பெயரை அடியில் இருக்கிற தகட்டில் பொறித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. உபயம் எங்கள் அப்பா. கடைசி நேரத்தில் வெளியூர் டீம் ஒன்று வரவில்லை. “ஒரு டீம் குறையுது, அட்டவணை இடிக்குதே” என்று கமிட்டியில் முழித்தார்கள். “நம்ம காலனிப் பயலுகளச் சேத்துக்குவோம். மொத ரவுண்டுல போயிருவானுங்க” என்று யாரோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சேர்த்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நானும் சிரித்தேன். பதினொரு வயசு.

அவர்கள் முதல் ரவுண்டில் போகவில்லை. அவர்களில் பாடிப்போகிற அண்ணன் ஒருவர் இருந்தார். கோட்டைத் தாண்டும்போது ஒல்லியாகத் தெரிவார், திரும்பி வரும்போது இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வருவார். ராத்திரி பதினோரு மணிக்கு ட்யூப்லைட் வெளிச்சத்தில் இறுதி ஆட்டம் முடிந்தபோது எங்கள் தெரு டீம் தோற்றிருந்தது. மைக்செட் நின்றது. கரண்ட் இருந்தது, மைக்செட் மட்டும் நின்றது. மேடை கோவில் வாசலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அதில் ஏற்றுவதா என்று பேச்சு வந்தது. கடைசியில் ரோட்டில் நின்ற டிராக்டர் பக்கத்தில் வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். கொடுத்தது அப்பாதான். கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வருஷ நோட்டீஸில் புதிதாக ஒரு வரி இருந்தது: அழைக்கப்பட்ட அணிகள் மட்டும் கலந்துகொள்ளலாம். இரண்டு வருஷத்தில் போட்டியே நின்றுபோனது.

பப்வாவைப் படித்தபோது எனக்கு அந்த நோட்டீஸ்தான் ஞாபகம் வந்தது. தட்டச்சுப்பிழை இல்லாத, மரியாதையான வரி. யார் பெயரும் அதில் இல்லை.

கேரி பிளேயரை முடித்துவிடுகிறேன். தோற்ற அடுத்த ஆண்டு, 1966ல், அவர் எழுதிய புத்தகம் ஒன்றில் தன் நாட்டின் இனக்கொள்கையை ஆதரித்தார். 1969ல் அமெரிக்காவின் டேட்டனில் ஆடும்போது எதிர்ப்பாளர்கள் அவர்மேல் பனிக்கட்டித் துண்டுகளை எறிந்தார்கள். 1971ல் அமெரிக்கக் கறுப்பின ஆட்டக்காரர் லீ எல்டரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்து ஆடவைத்தார். பின்னாளில் நிறவெறியை வெளிப்படையாகக் கண்டித்தார், பழைய கருத்து தவறு என்றார். ஒரு மனுஷன் மாறுவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. என் அப்பாவும் மாறினார். ஆனால் அமெரிக்காவில் இருந்து ஒருவரை அழைத்துவந்து ஆடவைக்க முடிந்த 1971ல், உள்ளூரில் அவரைத் தோற்கடித்தவர் டர்பனில் சும்மா உட்கார்ந்திருந்தார் என்பதைத் தாண்டிப்போக எனக்கு முடியவில்லை.

1974ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிச்சுற்றுக்கு இந்தியா வந்தது. விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் நல்ல ஃபார்மில் இருந்தார்கள். எதிராளி தென்னாப்பிரிக்கா. ஆடமாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை அவர்களிடம் போனது. சென்னைப் பையன்கள் இரண்டு பேர் தங்கள் வாழ்நாளின் பெரிய வாய்ப்பை விட்டார்கள். இதைச் சொல்கிற யாரும் பப்வாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார், 45 வயசு.

1978 ஜூலை 5ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். கையில் காசில்லாத சாவு. நிறவெறி ஆட்சி போன பிறகு தென்னாப்பிரிக்க அரசு அவருக்கு இக்காமங்கா விருது கொடுத்தது. டர்பனில் ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் உள்ள நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்கு இன்று அவர் பெயர்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது காலனிக்குப் போனேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், நாற்பது வயதுக்கு அப்புறம் அந்தத் தெருவுக்குள் அப்போதுதான் முதல் தடவை போகிறேன். பாடிப்போகிற அண்ணனுக்கு முட்டி போய்விட்டது. திண்டுக்கல்லில் ஒரு மில்லில் வாட்ச்மேன். “வாங்க தம்பி, உள்ள வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதற்கு வந்தேன் என்று எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. பப்வாவின் கதையைச் சொன்னேன். டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

“அதுக்கப்புறம் அந்தாள ஆடவே விடலையா?”

“விடலண்ணே.”

“பந்தடிக்கிற மைதானமெல்லாம் பக்கத்துலயே இருக்கும்ல?”

“பக்கத்துலதான்.”

அவர் எழுந்து டிவிக்கு மேலே ஷெல்ஃபில் இருந்து கோப்பையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பித்தளை முலாம் போய் வெளுத்திருந்தது. அடித்தகட்டில் உபயம் என்று போட்டு அப்பாவின் பெயர், ஊர், வருஷம் எல்லாம் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, ஜெயித்த அணியின் பெயருக்காக விட்டிருந்த இடம் அப்படியே இருந்தது.